துரைக்கு மலை சொன்ன பதில்

ஜொகூர் பாரு
19 ஜனவரி 2025

அப்பாவுக்கு,

அம்மா சொன்னதால்தான் எழுதுகிறேன். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க, எனக்கு பிரஷர் ஏறுது. இனிமே போன் எனக்கு மட்டும்தான். உங்கப்பாகிட்ட ஏதாச்சும் சொல்லணும்னா எழுதிப் போடு, எழுதி முடிக்கிறதுக்குள்ள சூடு ஆறிடும்லா" என்று சட்டம் போட்டுவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தீபாவளியன்று நடந்ததை நீங்கள் உங்கள் வசதிக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்விப்பட்டேன். "மருமகன் காரைத் தப்பான எடத்துல நிறுத்திட்டாரு" என்றீர்களாம். கார் நம் வீட்டுக்குப் பின்னால், லோங்காங் வாய்க்காலைத் தாண்டி, நீங்கள் பறவைக் கூண்டை ஏற்றும் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. நிழல் இருக்கிறது, சுற்றிக்கொண்டு வந்து அங்கே நிறுத்து என்று சுகுவிடம் சொன்னதே நீங்கள்தான். மலையிலிருந்து விழுந்த கல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு லிஷாலினி உட்காரும் இடத்தில் கிடந்தது. அவள் முறுக்கு வேண்டும் என்று அப்போதுதான் இறங்கி வீட்டுக்குள் ஓடியிருந்தாள். என் பிள்ளை உட்காரும் இடம், அப்பா. அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சின்னக் கல்லுதான்."

அதனால்தான் அதிகாரிகளிடம் புகார் செய்தேன். உங்களிடம் சொல்லாமல் செய்தேன், உண்மைதான். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? அவர்கள் வந்து ஓர் எச்சரிக்கைப் பலகையை நட்டுவிட்டுப் போனதற்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் மானம் போய்விட்டது, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்றீர்கள். ஏறவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கம்பத்தை மலையடியிலிருந்து பிடுங்குங்கள். பறவையை வீட்டு முன்பக்கம் மாட்டுங்கள். கம்பம் அங்கே நிற்கும்வரை நானும் வரமாட்டேன், லிஷாவையும் அனுப்பமாட்டேன்.

ஷாமினி


குனோங் ராபாட்
27 ஜனவரி 2025

ஷாமினிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாக இருக்கிறது. உன்னைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியது வீண் போகவில்லை, அப்பனைத் திட்டுவதற்காவது உதவுகிறது.

நீ வைக்கச் சொன்ன பலகை சௌகரியமாக இருக்கிறது. நல்ல இரும்புக் கால். துரையின் கூண்டை மூடுகிற பாத்தேக் துணியைத் துவைத்து அதன்மேல்தான் காயப் போடுகிறேன்.

கடிதம் முழுக்கப் பறவை, பறவை என்று எழுதியிருக்கிறாய். அவன் மெர்போக் புறா, அவனுக்குப் பெயர் துரை. பெயர்க் காரணம் உனக்குத் தெரியாது. கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பொழுது விடியும் முன்னால் பெரட்டுக்கு நிற்க வேண்டும். ஆள் கணக்கெடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன் ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் கங்காணி ஆளைத் தேடிக்கொண்டு லயத்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். விடியற்காலையில் இவன் முதல் குரல் கொடுக்கும்போது எனக்கு அந்தப் பெரட்டுதான் ஞாபகம் வரும். அப்போது தோட்டத்துத் துரை கூப்பிட்டால் நாங்கள் பதில் சொன்னோம். இப்போது என் துரை கூப்பிடுகிறான், மலை பதில் சொல்கிறது.

முன்பக்கம் மாட்டினால் என்ன என்று கேட்கிறாய். மாட்டிப் பார்த்தேன். நாலு தடவை கூவிவிட்டுத் தினை கொத்தப் போய்விடுகிறான். மலையடியில் அவன் குரலே அவனுக்குத் திரும்பி வருகிறது. வேறொரு ஆண் வந்து தன் இடத்தில் நின்று கூவுகிறது என்று நினைத்து, விடாமல் மார்பை நிமிர்த்திக் கூவுகிறான். பாக் மான் என் தலை நரைக்கும் முன்பிருந்தே மெர்போக் வளர்க்கிறவர். அவரே வந்து கேட்டுவிட்டு, இப்படி ஒரு வாத்தியார் தன் பறவைக்குக் கிடைக்கவில்லையே என்று அந்த மலையை அண்ணாந்து பார்த்தார்.

நீ ஒருநாளாவது அவன் கூவுவதை நின்று கேட்டிருக்கிறாயா? ஒரு காலை வந்து கேள். அதன் பிறகு பிடுங்கு என்று சொல், பேசுவோம்.

அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் கூண்டுத் துணிமேல் வெள்ளைத் தூள் படிந்திருக்கிறது. லாரித் தூசு என்கிறாள் அம்மா. பின்பக்கம் கார் நுழையலாம், லாரி போக வழியே இல்லை. எதுவானாலும் துவைத்தால் போய்விடுகிறது.

உடையப்பன்


ஜொகூர் பாரு
9 பிப்ரவரி 2025

அப்பாவுக்கு,

வந்து கேள் என்கிறீர்கள். நான் பேசியதை நீங்கள் எப்போது கேட்டீர்கள்?

நான் சின்னவளாக இருந்தபோது லாரியை நிறுத்திவிட்டு வந்ததும் சண்டை மீன் போத்தல்களோடு உட்கார்ந்துவிடுவீர்கள். இரண்டு போத்தலுக்கு நடுவில் அட்டையை வைப்பதும் எடுப்பதுமாக. அப்புறம் பழைய ரேடியோ. மேசை நிறையத் திருகாணி, தொட்டால் அடி விழும். அப்புறம் கள்ளிச்செடி. நான் பரீட்சைத் தாளைப் பிடித்துக்கொண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். திரும்பாமலே "இரு, வாரேன்" என்பீர்கள். வரமாட்டீர்கள். தாளை அம்மாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவேன். இப்போது ஒரு பறவை குரல் கொடுத்தால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறீர்களாம். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பொறாமையில் கம்பத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஐயாவு மாமா தன் கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்று அம்மா சொன்னார். இத்தனை வருடம் உங்கள் பக்கத்திலேயே கூண்டு ஏற்றிக்கொண்டிருந்தவர் ஏன் போனார்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வெள்ளைத் தூளைத் துவைத்தால் போய்விடும் என்கிறீர்கள். அது எங்கிருந்து கொட்டுகிறதோ அதை என்ன செய்வீர்கள்?

எனக்கு இருப்பது ஒரே அப்பா. அதுவும் பேச்சுவார்த்தை இல்லாத அப்பா. அவரையாவது விட்டுவைக்கச் சொல்லி அந்த மலையிடம் நான் கெஞ்ச முடியாது, உங்களிடம்தான் கெஞ்ச முடியும்.

ஷாமினி


குனோங் ராபாட்
26 பிப்ரவரி 2025

ஷாமினிக்கு,

பரீட்சைத் தாளைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாள் முழுக்க ஹார்ன் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் பேசாத எதையாவது பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்போல இருக்கும். மீன் பேசாது. கள்ளி பேசாது. ரேடியோ பேச ஆரம்பித்ததும் அதை விற்றுவிடுவேன். நீ நிறுத்தாமல் பேசுவாய். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை, ஷாமி. காது ஓய்ந்து போயிருந்தது.

ஐயாவு போனதற்குக் காரணம் கேட்டாய். ஒரு காலை கூண்டை ஏற்றாமல் மலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, மலைக்கு வயிறு தள்ளியிருக்கு, பாத்தீங்களா?"

"ஒனக்குத்தான்டா தள்ளியிருக்கு. காலங்காத்தால ரெண்டு ரொட்டி சானாய் உள்ள போனா தள்ளாம என்ன செய்யும்?"

"வெளையாடாதீங்க அண்ணே. அதோ, பாறையில தொத்திக்கிட்டு இருக்குதே ஆலங்கன்னு, போன வருஷம் அது கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்திச்சு. இப்ப நம்ம தலைக்கு மேல நிக்குது."

செடி வளராமல் என்ன செய்யும் என்றேன். அவன் கம்பத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். பயந்தாங்கொள்ளி. இப்போது கடைத்தெருப் பக்கம் ஒரு கோழிக்கடை பின்னால் கூண்டு மாட்டுகிறான். அவன் பறவை சேவல் மாதிரி கத்த ஆரம்பித்திருக்கும்.

இனி நல்ல சேதி. தைப்பிங்கில் நடந்த கூவல் போட்டியில் துரைக்கு மூன்றாம் இடம். பரிசு ரைஸ் குக்கர். உன் அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான். அதைவிடப் பெரிய சேதி, இந்த மாதம் மலை இரண்டு பதில் சொல்கிறது. அவன் ஒருமுறை கூவினால் முதலில் வழக்கமான பதில் வரும். அது முடிவதற்குள் அதன் பின்னாலிருந்து இன்னொன்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. துரைக்கு எதிரி இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், தொண்டை இரண்டு மடங்கு திறக்கிறது. பாக் மான் இதை ரெசெக்கி என்கிறார், மேலே இருப்பவன் கொடுத்த கொடை.

தினை திருட வரும் குரங்குகளும் இப்போது வருவதில்லை. ஒன்றுகூட இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

அப்பா


ஜொகூர் பாரு
8 மார்ச் 2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சுகுவிடம் படித்துக் காட்டினேன். ரைஸ் குக்கர் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. இன்னொருமுறை படி என்றார்.

"ஒரு செவுரு இருந்தா சத்தம் ஒரு தடவ திரும்பி வரும். ரெண்டு தடவ வருதுன்னா ரெண்டு செவுரு இருக்குன்னு அர்த்தம். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நடுவுல இடம் விட்டிருக்கு ஷாமி" என்றார்.

அப்பா, மலை பிளந்திருக்கிறது. முன்னால் நிற்பது ஒரு பாறைப் பலகை. நீங்கள் அதற்குக் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இது கொடை இல்லை. குரங்குக்குத் தெரிந்திருக்கிறது, ஐயாவு மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. சுகுவின் நண்பர் ஒருவர் இப்படிப்பட்ட இடங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர். அனுப்பட்டுமா? உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு தடவை செய்யமாட்டேன், அதனால் கேட்கிறேன்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. லீவு எடுத்துவிட்டேன். நான் வருவது அம்மாவுக்காக. படி ஏறலாமா கூடாதா என்று எழுதுங்கள். கூடாது என்றால் ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

ஷாமினி


குனோங் ராபாட்
17 மார்ச் 2025

ஷாமி,

யாரையும் அனுப்ப வேண்டாம். போன தடவை வந்தவர்கள் பலகை நட்டார்கள், இந்தத் தடவை வருகிறவர்கள் வேலி போடுவார்கள்.

சுகு படித்தவர், சரியாகத்தான் சொல்வார். ஆனால் அந்த மலை எனக்கு அப்பன் காலத்திலிருந்து தெரியும். அது இன்றைக்கு முளைத்ததில்லை.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத எனக்குக் கை வராது. நீ வருகிற அன்றைக்குக் கதவு திறந்திருக்கும். உன் அறையில் இருந்த தினை மூட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

அப்பா


ஜொகூர் பாரு
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மாவுக்குச் சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுங்கள். தலை குனிந்து கோலம் போட விடாதீர்கள்.

நான் வீட்டில் இருந்த நாட்களில் நாம் பேசியது "சாப்பிட்டியா", "ம்ம்", அவ்வளவுதான். கடைசி நாள் காலையில் நடந்ததை உங்களிடம் நேரில் சொல்லத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

காப்பி ஆறுகிறது என்று கூப்பிடத்தான் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தேன். உங்களை நாலு வார்த்தை கேட்கவும் வாயில் தயாராக வைத்திருந்தேன். லோங்காங்குக்கு இந்தப் பக்கமே நின்றேன். நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் நின்றீர்கள், பழைய மாதிரி முதுகுதான் தெரிந்தது. இருட்டு முழுசாகப் போகவில்லை. துரை கூவினான். மலை பதில் சொன்னது. அதன் பின்னாலிருந்து அந்த இரண்டாவது பதில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு நல்ல ஒன்றை இத்தனை நாள் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே என்று உங்கள்மேல் கோபம்கூட வந்தது.

நான் நிற்பது உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ. "இரு" என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்த்து, "வா, நீ எறக்கு" என்றீர்கள். எதுவும் யோசிக்காமல் தாண்டி வந்துவிட்டேன். கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் கையை என் கைமேல் வைத்து மெல்ல மெல்ல இறக்க வைத்தீர்கள். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. பஸ்ஸில் வரும்போது அழுதேன். லிஷா ஏன் என்று கேட்டாள், கண்ணில் தூசு என்றேன்.

ஆனால் மேலேயும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஐயாவு மாமா சொன்ன வயிறு அங்கே இருக்கிறது.

திரும்பி வீட்டுப் படி ஏறும்போது நீங்கள் சொன்னீர்கள்: "பிள்ளை தூங்கிட்டாளே, பாவம். லிஷா ஒரு தடவ கேக்கட்டும். அப்புறம் நானே பிடுங்கிடுறேன்." நான் பிறந்ததிலிருந்து நீங்கள் எனக்காக ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இது. நான் விடப் போவதில்லை. சரி, அவள் ஒரு காலை கேட்கட்டும். மறுநாள் கம்பம் அங்கே இருக்கக் கூடாது. வெறும் வாய்ச்சொல் எனக்கு வேண்டாம். கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்யுங்கள்.

ஷாமி


குனோங் ராபாட்
3 மே 2025

அன்பு மகள் ஷாமிக்கு,

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சாட்சி வேண்டும் என்பாய், தெரியும். "மலை பதில் சொல்றத என் பேத்தி ஒரு தடவ காதால கேட்டதும், மறுநாளே கம்பத்தப் பிடுங்கிடுறேன்" என்று சொல்லி எரிகிற சூடத்தை அடித்து அணைத்தேன். உள்ளங்கை நன்றாகச் சுட்டுவிட்டது. உன் அம்மாவுக்கு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆத்தா முன்னால் சொன்ன வார்த்தை. இனி அதில் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

பிடுங்கிய பிறகு என்ன செய்வேன் என்று யோசித்தேன். துரையைப் பாக் மானிடம் கொடுத்துவிடலாம். நான் ஜொகூருக்கு வந்து லிஷாவைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகலாம். அவள் தாளில் கையெழுத்துப் போடலாம். சிரிக்காதே.

கொஞ்ச நாளாக மலைப் பக்கம் ஒரு சத்தம் கேட்கிறது. வெயில் காலத்தில் தோட்டத்தில் ரப்பர் கொட்டை வெடிக்குமே, டப், டப் என்று, அதே சத்தம். லயத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டு வளர்ந்தவன், தப்பாகச் சொல்லமாட்டேன். இங்கே சுற்றுவட்டாரத்தில் ஒரு ரப்பர் மரம் கிடையாது. அடியில் கசிகிற தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வருகிறது. துரைக்கு இதெல்லாம் பிடிக்கவில்லைபோல. மலைக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து உட்காருகிறான். நான் கூண்டைத் திருப்பி வைக்கிறேன், அவனும் திரும்பிக்கொள்கிறான். பிடிவாதத்தில் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

சீக்கிரம் வாருங்கள்.

அப்பா


ஜொகூர் பாரு
15 மே 2025

அன்புள்ள அப்பா,

சூடம் அடித்ததை அம்மா போனில் மூன்று தடவை சொல்லிவிட்டார். உள்ளங்கைக்கு மருந்து போட்டீர்களா?

பள்ளி விடுமுறை மாதக் கடைசியில் தொடங்குகிறது. 31ஆம் தேதி, சனிக்கிழமை காலை வருகிறோம். சுகுவுக்கு அதற்கு முன் லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இன்றைக்கே கிளம்பியிருப்பேன். நீங்கள் எழுதிய அந்த டப், டப் எனக்கு இங்கே கேட்கிறது.

ஒரு நிபந்தனை. லிஷா லோங்காங்குக்கு வீட்டுப் பக்கமே நின்று கேட்பாள். நான் நின்று கேட்ட அதே இடம். அதைத் தாண்டி ஓர் அடிகூட விடமாட்டேன். அதுவரை நீங்களும் கூண்டை ஏற்றியதும் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். அந்த இரண்டு வாரத்துக்கு எனக்காக இதைச் செய்யுங்கள்.

லிஷா குளியலறையில் நின்று துரை மாதிரி கூவிப் பழகுகிறாள். சுவர் பதில் சொல்கிறதா என்று கேட்கிறாள். நீங்கள் வந்து பள்ளிக்கூடம் கூட்டிப் போவீர்கள் என்று சொன்னேன். தாத்தா லாரியிலா வருவார் என்றாள்.

நான் சிரிக்கவில்லை அப்பா. வாருங்கள். அறை இருக்கிறது.

ஷாமி


குனோங் ராபாட்
28 மே 2025

அன்பு மகள் ஷாமிக்கு,

இந்தக் கடிதம் நீ கிளம்பும் முன் கிடைத்துவிடும் என்று நினைத்துப் போடுகிறேன். இதில் இருப்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. கண் ஆறிவருகிற நேரம், பயப்படுவாள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரிய மழை. மறுநாள் காலையில் கூண்டை ஏற்றினேன். துரை கூவினான். மலை பதில் சொல்லவில்லை. ஒரு பதிலும் இல்லை, முதலாவதும் இல்லை இரண்டாவதும் இல்லை. செவ்வாயும் அப்படியே. அந்த டப், டப் சத்தம்கூட நின்றுவிட்டது. பூச்சிச் சத்தம் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த இடம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. துரை ஒரு தடவை கூவிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஷாமி. அவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளை வருகிறாள். மலை பதில் சொல்வதைக் கேட்டதும் என்று ஆத்தா முன்னால் சொல்லியிருக்கிறேன். பதில் வராவிட்டால் நான் எதை வைத்துக் கம்பத்தைப் பிடுங்குவது? சூடம் அடித்தது பொய்யாகிவிடாதா? உனக்குக் கொடுத்த முதல் வாக்கு அது.

பிறகு பெரட்டு ஞாபகம் வந்தது. பெயரைக் கூப்பிட்டுக் குரல் வராவிட்டால் கங்காணி சும்மா இருப்பாரா? ஆள் இருக்கும் இடத்துக்கே தேடிப் போவார். நானும் போனேன். பாறைக்கு நேர் கீழே, கையை நீட்டினால் தொடும் இடம். அங்கே நின்று கைதட்டினேன். வந்தது. காதுக்குள்ளேயே சொல்வது மாதிரி, இதுவரை இல்லாத அளவுக்குத் தெளிவாக வந்தது. இருக்கேன் ஐயா என்று சொன்ன மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது.

இன்றைக்குக் கம்பத்தைப் பிடுங்கி அங்கே நட்டுவிட்டேன். கெட்டியாக நிற்க வேண்டும் என்று கடப்பாரையால் பாறை அடியில் நன்றாகக் குழி பறித்தேன். ஐயாவு தன் வீட்டு வாசலில் நின்று ஏதோ கத்தினான், நான் திரும்பவில்லை. லோங்காங்குக்கு வீட்டுப் பக்கம் நின்றால் இப்போது ஒன்றும் கேட்காது. அதனால் ஒரு பலகையைக் குறுக்கே போட்டிருக்கிறேன், லிஷா வழுக்காமல் நடக்கலாம். கம்பத்தடியில் மூன்று நாற்காலி போட்டாயிற்று. நீ கோபப்படுவாய், தெரியும். ஒரு காலைதானே. அவள் ஒரு தடவை கேட்டதும் கம்பத்தை நீயே பிடுங்கு, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

உன் அப்பா


ஜொகூர் பாரு
29 மே 2025

அன்புள்ள அப்பா,

இந்த வாரம் உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. மழையில் தபால் தாமதமாக இருக்கும், பரவாயில்லை. இதைப் போஸ் லாஜுவில் போடுகிறேன், நாளைக்கே உங்கள் கையில் இருக்கும்.

வேலையிலிருந்து வந்ததும் வெள்ளிக்கிழமையே கிளம்புகிறோம். சுகு வழியில் தூங்கிவிட்டுப் பொழுது விடியும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்கிறார். துரை முதல் குரல் கொடுக்கும்போது லிஷா அங்கே நிற்க வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பை எல்லாம் இறக்கி வைத்தால் நேரம் போய்விடும், அதனால் நேரே பின்பக்கம்தான் வருவோம். அம்மாவையும் காப்பியோடு அங்கேயே வரச் சொல்லுங்கள். போனில் சொன்னேன், "எனக்கும் ஒரு நாக்காலி போடச் சொல்லுடி" என்று சிரித்தார்.

நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். நீங்கள் என் கையில் கயிற்றைக் கொடுத்த கதையை லிஷாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. தானும் துரையை இறக்க வேண்டும் என்று ஒரு வாரமாக அழுகை. சரி என்று சொல்லிவிட்டேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு லோங்காங்கைத் தாண்டட்டும், இறக்கட்டும். எனக்குக் கிடைத்தது அவளுக்கும் கிடைக்கட்டும். கம்பம் பழைய இடத்திலேதான் இருக்கிறது, நானும் அங்கே நின்றவள்தான். ஒரு காலைதானே.

உங்களுக்கு ஒரு புதிய கூண்டுத் துணி வாங்கியிருக்கிறேன், நீலத்தில் மஞ்சள் பூ. தூள் படிந்தால் உடனே தெரியும்.

இதற்குப் பதில் போட வேண்டாம்ப்பா. நீங்கள் வாசலில் வந்து காத்திருக்கவும் வேண்டாம். மலையடியிலேயே இருங்கள், நாங்கள் வந்துவிடுகிறோம்.

ஷாமி